விண்வெளிக் கொள்கை எழுதுற மேசையில நம்ம பக்கத்து ஆளுக்கு நாற்காலி உண்டா?

#1 கெடிலக்கரை (கடலூர்)

ராக்கெட் பத்தின பேச்சு தமிழ்ல ரெண்டு விதமாத்தான் ஓடுது. ஒண்ணு, "உலகமே வியக்குது பார்". இன்னொண்ணு, "இஸ்ரோவைத் தனியாருக்கு வித்தாச்சு". ரெண்டும் கேட்டுச் சலிச்சுதான் இந்த இழையைத் தொடங்குறேன். என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. தனியார் விண்வெளித் தொழிலுக்கு அரசாங்கம் கொள்கை போடுதே, அப்போ யாரைக் கூப்பிட்டுக் கேக்குது?

முன்கதை சுருக்கமா. 2020 ஜூன்ல மத்திய அமைச்சரவை இந்தத் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டுது. அனுமதி கொடுக்கவும் வளர்த்துவிடவும் இன்-ஸ்பேஸ்னு ஒரு அமைப்பு வந்துது, தலைமையகம் அகமதாபாத் பக்கம் போபல்ல. முதல் தலைவரா வந்த பவன் கோயங்கா மஹிந்திராவுல இருந்தவர். 2023 ஏப்ரல்ல இந்திய விண்வெளிக் கொள்கை. 2024 மே மாசம் அதுக்கான நடைமுறை விதிகள். அதே வருஷம் அந்நிய முதலீட்டுக்கும் வழி விட்டாங்க: செயற்கைக்கோள் தயாரிக்க, இயக்க 74 சதவீதம் வரைக்கும், ராக்கெட்டுக்கும் ஏவுதளத்துக்கும் 49, உதிரி பாகம் செய்ய 100. இந்த வரம்புக்குள்ள இருந்தா அரசோட முன் அனுமதி வேண்டாம்.

இத்தனை நடந்தும் சட்டம்னு ஒண்ணு இல்ல. 2017-ல விண்வெளி நடவடிக்கைகள் மசோதான்னு ஒரு வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டாங்க. அது சட்டமாகவே இல்ல. ஆக இன்-ஸ்பேஸோட அதிகாரம் முழுக்க அமைச்சரவை முடிவுலயும் கொள்கைத் தாள்லயும் நிக்குது.

எனக்கு உறுத்துற இன்னொரு விஷயம். இஸ்ரோ தலைவர், விண்வெளித் துறைச் செயலர், விண்வெளி ஆணையத் தலைவர், மூணு பதவியும் வழக்கமா ஒரே ஆள்கிட்ட. இஸ்ரோ சரக்கை வியாபாரம் பண்ற என்எஸ்ஐஎல் அதே துறைக்குக் கீழ. தனியாருக்கு அனுமதி தர்ற இன்-ஸ்பேஸும் அதே துறைக்குக் கீழ.

அமெரிக்காவுல வணிக ஏவுதலுக்கு 1984-லயே சட்டம். அதே வருஷம் காம்ஸ்டாக்னு ஓர் ஆலோசனைக் குழுவும் வந்துது. இப்போ அது எஃப்ஏஏவுக்கு, அதாவது வணிக ஏவுதலுக்கு உரிமம் தர்ற அவங்க விமானப் போக்குவரத்து அமைப்புக்கு, ஆலோசனை சொல்லுது. அந்த மாதிரிக் குழுக்களுக்கு 1972-லேர்ந்தே தனியா ஒரு சட்டம் இருக்கு: கூட்டத் தேதியை முன்கூட்டியே அரசிதழ்ல போடணும், பொதுஜனம் போய் உக்காரலாம், நடந்ததை எழுதி வெளியிடணும். இங்க விண்வெளிக்குன்னு சட்டமே இல்லாததால, "இப்படி ஒரு குழு வச்சே ஆகணும்"னு கட்டாயப்படுத்த எதுவும் இல்ல.

பேசுங்க.

#2 சில்வர்பீச்

குழாயில தண்ணி எப்ப வரும்னே யாரும் நம்மகிட்டச் சொல்றதில்ல. ராக்கெட்டுக்குக் கேப்பாங்களாம். நல்லா இருங்க வக்கீல் சார்.

#3 மேட்டுப்பாளையம் சிஎன்சி (புதுச்சேரி)

வக்கீல் தம்பி, கேள்வி சரிதான். பட்டறைக்காரன் நிக்கிற இடத்துலேர்ந்தும் கொஞ்சம் பாரு.

அப்பா காலத்து லேத் பட்டறை எங்களது. இப்போ சிஎன்சி, விஎம்சின்னு கம்ப்யூட்டர்ல ஓடுற மெஷினெல்லாம் போட்டு ஜாப் ஒர்க் ஓடுது. ராக்கெட்டுக்குப் போற பாகம் என் கைக்கு வரும்போது அதுக்குப் பேரே இருக்காது. டிராயிங் நம்பர் ஒண்ணு, டாலரன்ஸ், அவ்ளோதான். பெரிய கம்பெனி ஆர்டர் எடுக்கும், அவங்க வேற ஒருத்தருக்குப் பிரிச்சுக் குடுப்பாங்க, அவர் எனக்குக் குடுப்பார். மெட்டீரியல் அவங்களோடது. ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னா மெட்டீரியல் காசு என் தலையில. ஏஎஸ்9100னு விமான, விண்வெளி வேலைக்கான தரச் சர்டிபிகேட் இருந்தா நேரா பேசலாம். எடுக்கிற செலவு, அப்புறம் வருஷா வருஷம் ஆடிட், எல்லாம் சேத்தா எங்க சைஸுக்குத் தாங்காது.

திட்டம் இல்லன்னு சொல்லல. 2024 அக்டோபர்ல விண்வெளி ஸ்டார்ட்அப்புங்களுக்கு 1,000 கோடி முதலீட்டு நிதிக்கு அமைச்சரவை ஓகே சொல்லிச்சு. இன்-ஸ்பேஸ்ல 500 கோடிக்குத் தொழில்நுட்ப நிதி ஒண்ணு வேற. படிச்சுப் பாத்தா எல்லாம் புதுசா ஒரு பொருளைக் கண்டுபிடிக்கிறவனுக்கு. அடுத்தவன் டிராயிங்கைப் பிசகாமச் செஞ்சு குடுக்கிறவனுக்கு என்ன இருக்கு?

2021 அக்டோபர்ல பிரதமர் தொடங்கி வச்ச ஐஎஸ்பிஏங்கிற விண்வெளிக் கம்பெனிங்க சங்கத்தோட ஆரம்ப உறுப்பினர்களைப் பாரு. எல் அண்ட் டி, ஏர்டெல், ஒன்வெப், டாடாவோட நெல்கோ. அவங்க டெல்லியில பேசுறது லைசென்ஸ், அலைக்கற்றை, வரி. தப்பு சொல்லல, அவங்க கவலை அது. என் கவலை பில்லு. சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள்ள பணம் தரணும்னு 2006-லயே சட்டம். அதை எந்த ராக்கெட் கூட்டத்துலயாவது எவனாவது எடுத்துப் பேசியிருப்பான்னு நினைக்கிறியா?

இன்னொண்ணு. தமிழ்நாடு 2025 ஏப்ரல்ல தனியா விண்வெளித் தொழில் கொள்கை போட்டுது. அஞ்சு வருஷத்துல 10,000 கோடி முதலீடு, 10,000 பேருக்கு வேலைன்னு இலக்கு. மதுரை, விருதுநகர், நெல்லை, தூத்துக்குடி பக்கம் சில இடங்களை விண்வெளித் தொழில் பகுதியாக் குறிச்சு, சின்ன முதலீட்டுக்கும் சலுகை தருவாங்களாம். நல்லது. எங்க எஸ்டேட்லேர்ந்து வண்டியை எடுத்தா கொஞ்ச நேரத்துல தமிழ்நாட்டு எல்லை. ஆனா நான் யூனியன் பிரதேசம், எனக்கு அதுல ஒரு ரூபாய் கிடையாது.

#4 தரமணி கேஸ்கெட் (சொந்த ஊர் நெல்லிக்குப்பம்)

நான் இந்தத் தொழில்லயே இருக்கிறவன், அதனால ஒரு பக்கம் சாஞ்சுதான் பேசுவேன், முன்னாடியே சொல்லிடறேன்.

தொழில்காரனைக் கேட்டா "லாபி"ங்கிறீங்க. கேக்காம விதி போட்டா "ஒண்ணும் தெரியாம எழுதிட்டாங்க"ங்கிறீங்க. ரெண்டையும் சேத்துச் சொன்னா எப்படி? கேட்டதால நடந்தது நிறைய இருக்கு. ஏவுதல் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு முதல்ல இஸ்ரோ, அதோட வியாபாரக் கம்பெனிங்களான ஆன்ட்ரிக்ஸ், என்எஸ்ஐஎல் மூணுக்கு மட்டும்தான் இருந்துது. தனியார்காரங்க போய்ச் சொன்ன பிறகு 2023 ஜூலையில ஜிஎஸ்டி கவுன்சில் எல்லாருக்கும் பொதுவாக்கிச்சு. சின்ன விஷயமாத் தெரியும். 18 சதவீதம் வரி கூடுதலா வச்சுக்கிட்டு அரசாங்கத்தோட போட்டி போடறது எப்படின்னு தொழில் பண்ணவனுக்குத்தான் தெரியும்.

2022 நவம்பர் 18-ல ஸ்கைரூட்ங்கிற தனியார் கம்பெனியோட விக்ரம்-எஸ் ராக்கெட் போச்சு. 2024 மே 30-ல அக்னிகுல் ராக்கெட், ஸ்ரீஹரிகோட்டாவுக்குள்ள அவங்களே போட்ட ஏவுதளத்துலேர்ந்து. என்ஜின் மொத்தமும் ஒரே துண்டா முப்பரிமாண அச்சுல வார்த்தது. ஐஐடி மெட்ராஸ்ல முளைச்ச கம்பெனி. இதெல்லாம் சட்டம் வந்து நடக்கல, இன்-ஸ்பேஸ் கொடுத்த அனுமதியில நடந்தது. மசோதா பாஸாகட்டும்னு உக்காந்திருந்தா இன்னும் பவர்பாயின்ட்தான் காட்டிக்கிட்டு இருப்போம்.

அப்புறம், ஆலோசனைக் குழுன்னா ஏதோ அமெரிக்கச் சரக்கு மாதிரி பேசாதீங்க. நம்ம விண்வெளித் திட்டமே 1962-ல விக்ரம் சாராபாய் தலைமையில ஒரு குழுவாத்தான் ஆரம்பிச்சுது. இஸ்ரோங்கிற பேரே 1969-லதான்.

சிஎன்சி அண்ணா, பில்லு விஷயத்துல நான் உங்க கட்சி. எங்களுக்கும் மேல இருந்து பணம் அப்படித்தான் வருது.

#5 வம்பா படகு (புதுச்சேரி)

நீங்கல்லாம் மேசை நாற்காலின்னு பேசறீங்க. எங்க ஊருக்கு ராக்கெட்டே வந்துது.

2019 டிசம்பர் ஆரம்பம். வம்பாகீரப்பாளையத்து ஆளுங்க வலையில பெருசா எதுவோ மாட்டிக்கிச்சு. படகுங்க சேந்து இழுத்துக் கரையில போட்டா, பிஎஸ்எல்வி பக்கவாட்டுல கட்டி அனுப்புற பூஸ்டர். பிஎஸ்ஓஎம்-எக்ஸ்எல்னு மேலயே எழுதியிருக்கு. நீளம் பன்னெண்டு பதிமூணு மீட்டர் இருக்கும். ஒரு வாரம் முன்னாடிதான், நவம்பர் 27-ல, கார்ட்டோசாட்-3 செயற்கைக்கோளை எடுத்துக்கிட்டு பிஎஸ்எல்வி சி-47 போயிருந்துது. ஊரே கூடிப் படம் புடிச்சுது. போலீஸ் வந்துது, அப்புறம் இஸ்ரோ ஆளுங்க வந்து எடுத்துக்கிட்டுப் போனாங்க. வலை கிழிஞ்சதுக்கு நஷ்டஈடு கேட்டாங்கன்னு அப்பவே பேப்பர்லயும் வந்துது.

வாடைக் காலத்துல கரையோர நீரோட்டம் தெக்கதான் இழுக்கும். ஸ்ரீஹரிகோட்டா எங்களுக்கு வடக்க. அங்க கடல்ல விழுந்து மிதக்கிறது இந்தப் பக்கம் வராம எங்க போவும்?

அது அரசாங்கத்து ராக்கெட். இஸ்ரோன்னு எழுதியிருந்துது, யார்கிட்டப் போறதுன்னாவது தெரிஞ்சுது. இனிமே நூறு கம்பெனி விடப்போறான்னு சொல்றீங்க. கம்பெனி பூஸ்டர் என் வலையில வந்தா நான் எவன் வீட்டுக் கதவைத் தட்டணும்? அதைச் சொல்லுங்க மொதல்ல.

#6 காலாப்பட்டு மாணவி

வம்பா அண்ணா, பதில் உங்களுக்குப் பிடிக்காது.

1967 விண்வெளி உடன்படிக்கைப்படி, தனியார் கம்பெனி அனுப்பினாலும் பொறுப்பு அந்த நாட்டோடது. 1972-ல வந்த பொறுப்பேற்பு உடன்படிக்கை இன்னும் கறார். ராக்கெட்டோ அதோட பாகமோ விழுந்து பூமியில சேதம் ஆனா, யார் தப்புன்னு நிரூபிக்க வேண்டியதே இல்ல, ஏவின நாடு கொடுத்தே ஆகணும். இந்தியா ரெண்டுலயும் இருக்கு. 1978-ல சோவியத்தோட காஸ்மாஸ் 954 செயற்கைக்கோள் அணு உலையோட கனடாவுல விழுந்துது. கனடா 60 லட்சம் கனடா டாலருக்கு மேல கேட்டு, கடைசியா 1981-ல 30 லட்சம் வாங்கிச்சு.

ஆனா அதே உடன்படிக்கையோட ஏழாவது பிரிவு, ஏவின நாட்டோட சொந்தக் குடிமக்களுக்கு ஆகிற சேதத்துக்கு இது பொருந்தாதுன்னு சொல்லுது. அதாவது அந்த பூஸ்டர் ஒரு இலங்கைப் படகோட வலையைக் கிழிச்சிருந்தா, கொழும்பு டெல்லிகிட்ட உரிமையாக் கேக்கலாம். புதுச்சேரிப் படகோட வலையைக் கிழிச்சா அந்த உடன்படிக்கையில உங்களுக்கு இடமே இல்ல. சொந்த நாட்டு ஜனத்தை அந்தந்த நாட்டுச் சட்டம் பாத்துக்கும்னு விட்டுட்டாங்க. இங்க அந்தச் சட்டம்தான் வரல.

#7 சில்வர்பீச்

அப்போ வலையை யாழ்ப்பாணத்துல வாங்கினதா பில்லு போட்டுக்கலாமா?

#8 வம்பா படகு

அந்த ஊர் பேச்சு விளையாட்டுக்கும் வேணாம்ணே. காரைக்கால் பசங்க அங்க மாட்டிக்கிட்டு எத்தினி வாட்டி படகை விட்டுட்டு வந்திருக்காங்க, உங்களுக்கே தெரியும்.

தங்கச்சி சொன்னதை எங்க ஊர்ப் பஞ்சாயத்தார்கிட்டக் காட்டினேன். "அப்போ நம்மளுதுன்னா இளக்காரமா?"ன்னு கேட்டார். நான் என்ன சொல்றது.

#9 தரமணி கேஸ்கெட்

ஒரு நிமிஷம். உள்நாட்டுல ஒரு வழியுமே இல்லைங்கிற மாதிரி பேச்சு போவுது. அது சரியில்ல. அனுமதி வாங்குற கம்பெனி, அரசாங்கத்துக்கு வர்ற இழப்பீட்டுப் பொறுப்பை ஏத்துக்கணும்ங்கிறது இருக்கு. வெளிநாட்டுலயும் அப்படித்தான். அமெரிக்காவுல மூணாம் ஆளுக்கு ஆகக்கூடிய அதிகபட்ச சேதத்தைக் கணக்குப் போட்டு, அந்த அளவுக்குக் கம்பெனி இன்சூரன்ஸ் எடுக்கணும். 50 கோடி டாலர் வரைக்கும் உச்சவரம்பு.

#10 கெடிலக்கரை

தம்பி, நீங்க சொன்ன வரியை நல்லாப் பாருங்க. "அரசாங்கத்துக்கு வர்ற இழப்பீட்டுப் பொறுப்பை." 2017 வரைவுலயும் இதேதான்: உரிமம் வாங்கினவர் மத்திய அரசை இழப்புலேர்ந்து காப்பாத்தணும். இலங்கையோ இந்தோனேசியாவோ இந்தியாகிட்டக் கேட்டா, இந்தியா கம்பெனிகிட்ட வாங்கிக்கும். டெல்லிக்கு ஆபத்துக்கு உதவும். வம்பா படகுக்காரருக்கும் கம்பெனிக்கும் நடுவுல என்னன்னு ஒரு வார்த்தை சேத்திருக்கலாம்.

கோர்ட்டுல வழி உண்டு, ஒத்துக்கிறேன். ஆபத்தான தொழில் நடத்துறவன் தப்பு பண்ணினானா இல்லையான்னு பாக்காமலே முழுப் பொறுப்பு ஏக்கணும்னு 1986-ல ஓலியம் வாயுக் கசிவு வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதை வச்சு நானே வாதாடுவேன். ஆனா ஒரு வலைக்காக எத்தனை வருஷம்? கட்சிக்காரர் வாய்தாவுக்கு வர்ற நாள்ல எல்லாம் கடலுக்குப் போகாம இருக்கணும். வலை விலையை விட அது அதிகமாப் போயிடும். அதனாலதான் சட்டத்துலயே எளிமையா ஒரு வழி இருக்கணும்ங்கிறேன், கலெக்டர் அளவுல முடியற மாதிரி.

இதை எழுதும்போது அந்த மேசையில மீன்பிடிக்கிறவர் சார்பா ஒருத்தர் உக்காந்திருந்தா, விட்டுப்போயிருக்குமா? என் முதல் பதிவோட கேள்வி இதுக்குத்தான்.

#11 லாஸ்பேட்டை ஓய்வு

அனைவருக்கும் வணக்கம். மின்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ராக்கெட் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் 'யாரைக் கேட்பது' என்ற கேள்விக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை.

2003 மின்சாரச் சட்டத்தின் 87-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். மாநில ஒழுங்குமுறை ஆணையம் ஓர் ஆலோசனைக் குழு அமைக்கலாம், 21 பேருக்கு மிகாமல். அதில் யார் யார் இருக்க வேண்டும் என்பதையும் சட்டமே சொல்கிறது: வணிகம், தொழில், போக்குவரத்து, விவசாயம், தொழிலாளர், நுகர்வோர், தொண்டு நிறுவனங்கள், கல்வி நிறுவனங்கள். மின்சாரம் விற்பவர்கள் மட்டும் கூடி ஆலோசனை சொல்லிவிட முடியாது. நம் புதுச்சேரிக்குக் கோவாவையும் மற்ற யூனியன் பிரதேசங்களையும் சேர்த்துக் கூட்டு ஆணையம் இருக்கிறது. கட்டண மனு வந்தால் இங்கேயே பொது விசாரணை நடக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்து திட்டு வாங்கிய அனுபவம் எனக்கு நிறைய உண்டு. ஒரு மூதாட்டி தன் வீட்டு பில்லைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, வரிக்கு வரி விளக்கம் கேட்டார். அன்று நான் தந்த விளக்கம் ஆணையத்தின் குறிப்பில் ஏறியது.

தொலைத்தொடர்பிலும் அப்படியே. 1997 டிராய் சட்டம், 11(4) பிரிவு: ஆணையம் தன் பணிகளில் வெளிப்படைத்தன்மையைக் காக்க வேண்டும். அதனால்தான் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியானால், கம்பெனிகள் அனுப்பிய பதில்கள்கூட டிராய் இணையதளத்தில் வந்துவிடுகின்றன. யார் என்ன கேட்டார் என்பதை நீங்களும் நானும் படிக்கலாம். செயற்கைக்கோள் வழி இணையத்துக்கான அலைக்கற்றைக் கட்டணம் பற்றி 2025 மே மாதம் டிராய் பரிந்துரை செய்ததற்கு முன்பும் இதே நடைமுறைதான். செயற்கைக்கோளின் அலைவரிசைக்கு ஒரு நியாயம், அதைத் தூக்கிச் செல்லும் ராக்கெட்டுக்கு வேறொரு நியாயமா?

#12 மேட்டுப்பாளையம் சிஎன்சி

ஐயா, நானும் கரண்ட் கட்டண விசாரணைக்குப் போய் மைக் புடிச்சவன்தான். பேசினேன், எழுதிக்கிட்டாங்க, டீ குடுத்தாங்க. கட்டணம் ஏறிச்சு.

#13 லாஸ்பேட்டை ஓய்வு

ஏறியது உண்மை. ஆனால் உத்தரவைப் படித்தீர்களா? ஒவ்வோர் ஆட்சேபமும், அதற்குத் துறை சொன்ன பதிலும், ஆணையத்தின் கருத்தும் அதில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். ஆணையம் சொன்ன காரணம் சரியில்லை என்றால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. விண்வெளியில் ஒரு விதி பிடிக்கவில்லை என்றால் எந்தத் தீர்ப்பாயத்துக்குப் போவீர்கள்?

#14 நெறியாளர்

"இஸ்ரோவை வித்த துரோகிகள்" என்று தொடங்கிய பதிவுகளையும் அவற்றுக்கு வந்த பதில்களையும் நீக்கியிருக்கிறேன். அதற்கு வேறு இழை ஓடிக்கொண்டிருக்கிறது. சில்வர்பீச், உங்கள் மீமும் போய்விட்டது. சிரித்துவிட்டுத்தான் நீக்கினேன்.

#15 கெடிலக்கரை

ஓய்வு ஐயா சொன்னதுல என் முதல் பதிவே கொஞ்சம் திசை மாறுது, நல்லதுதான். காம்ஸ்டாக்கை அப்படியே இங்க கொண்டுவரணும்னு யாரும் எடுத்துக்க வேண்டாம். அதுல உக்காந்திருக்கிறவங்கள்ல ராக்கெட், செயற்கைக்கோள் கம்பெனிக்காரங்கதான் பெரும்பாலும். ஏவுதளத்துக்குப் பக்கத்துல குடியிருக்கிறவங்களுக்குன்னு ஒதுக்கின இடம் கிடையாது.

விளைவு என்னன்னா, 2023 ஏப்ரல் 20-ல டெக்சாஸ்ல ஸ்பேஸ்எக்ஸோட ஸ்டார்ஷிப் ராக்கெட் முதல் தடவை கிளம்பினப்ப ஏவுமேடையோட கான்கிரீட்டே பேந்து பறந்துது. அடுத்த மாசமே சுற்றுச்சூழல் அமைப்புங்க எஃப்ஏஏ மேல வழக்கு போட்டாங்க. ஆலோசனைக் குழுவுல பேச இடமில்லாதவங்க கோர்ட்டுக்குப் போறாங்க. 2025 ஜனவரியில அதே ராக்கெட் ஏழாவது தடவை போய் உடைஞ்சு, துண்டுங்க டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகள் பக்கம் விழுந்துது. விமானங்களைத் திருப்பிவிட்டாங்க. அந்தத் தீவு பிரிட்டன் ஆட்சிப் பகுதி. மாணவி சொன்ன கணக்குப்படி, அவங்களுக்கு உடன்படிக்கை உண்டு. டெக்சாஸ்காரனுக்குக் கிடையாது.

அவங்ககிட்டேர்ந்து எடுத்துக்க வேண்டியது அந்தத் திறந்த கதவை மட்டும்தான். யார் உக்காரணும்ங்கிறதுக்கு நம்ம 87-ஆம் பிரிவே மேல்.

#16 வம்பா படகு

வலைக் கதை ஒரு பக்கம் இருக்கட்டும். ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பக்கத்துல இருக்கிற பழவேற்காட்டுக்காரங்களை நினைச்சுப் பாருங்க. ஏவுற நாள்ல கடலுக்குப் போகாதேன்னு முதல்ல சொல்றது அவங்களுக்குத்தான். ராக்கெட் நேரத்துக்குப் போனா ஒரு நாளோட போச்சு. தள்ளிவச்சாங்கன்னா? திரும்பவும் ஒரு நாள் கரையில. வருஷத்துல ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் ஏற்கெனவே தடைக்காலம். அதுக்காவது நிவாரணம்னு ஒண்ணு உண்டு. ராக்கெட் நாளுக்கு?

வருஷத்துக்கு நாலஞ்சு ராக்கெட் போனப்ப பொறுத்துக்கிட்டாங்க. தனியாரும் சேந்து மாசத்துக்கு ரெண்டு மூணுன்னு ஆச்சுன்னா பொழப்பு என்னாவறது? குலசேகரப்பட்டினத்துல புது ஏவுதளம் வந்தா அங்க மணப்பாடு, ஆலந்தலைக்காரங்களுக்கும் இதே கேள்விதான் வரும். 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டியாச்சு.

தும்பாவுல 1963-ல முதல் ராக்கெட் விட்ட இடமே மீனவ ஊரு. அவங்க கும்புட்ட மேரி மகதலேனா கோயிலைத்தான் ஆபீஸா வச்சு வேலை ஆரம்பிச்சாங்க. இடம் குடுத்தது எங்க ஜனம். அந்தக் கணக்குல பாத்தாலும் எங்களைக் கூப்பிட்டுக் கேக்கலாம்.

#17 தரமணி கேஸ்கெட்

வம்பா, கம்பெனி பக்கத்துலேர்ந்தே சொல்றேன், உங்க கேள்விக்குச் சட்டத்துல பதில் இருந்தா எங்களுக்கும் லாபம். முதலீட்டாளர் வந்து உக்காந்தா முதல் கேள்வியே "ஏதாவது ஆச்சுன்னா உங்க பொறுப்பு எவ்வளவு வரைக்கும்?"தான். உச்சவரம்பு சட்டத்துல இல்லாதபோது நாங்க மழுப்புறோம். இன்சூரன்ஸ்காரரும் எதை வச்சுக் கணக்குப் போடுறதுன்னு இழுக்கிறார். வலைக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு, கடலுக்குப் போகாத நாளுக்கு இவ்வளவுன்னு ஒரு அட்டவணை இருந்தா, ஏவுற செலவோட ஒப்பிட்டா அது ஒரு பொருட்டே இல்ல. பயம் தொகை மேல இல்ல, தொகை என்னன்னே தெரியாத நிலைமை மேலதான்.

ஒண்ணை மட்டும் ஒத்துக்க மாட்டேன். ஒவ்வொரு ஏவுதலுக்கும் பொது விசாரணைன்னு யாராவது கொண்டுவந்தா எல்லாக் கம்பெனியும் துபாய்க்குப் போயிடும். விதி எழுதும்போது கேளுங்க. ஒவ்வொரு தடவை ராக்கெட் விடும்போதும் கேக்கணும்னா தொழில் நடக்காது.

#18 காலாப்பட்டு மாணவி

விதி எழுதும்போது கேக்கிறதுக்கு ஏற்கெனவே ஒரு முறை இருக்கு. 2014-ல மத்திய அரசு கொண்டுவந்த சட்டமுன் கலந்தாய்வுக் கொள்கைப்படி, எந்த மசோதாவையும் அமைச்சரவைக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி குறைஞ்சது 30 நாள் பொதுவெளியில வைக்கணும். விண்வெளி மசோதா மறுபடி வந்தா அந்த 30 நாள்தான் நம்ம வாய்ப்பு. மசோதா இணையதளத்துல ஆங்கிலத்துலயும் இந்தியிலயும்தான் வரும். 30 நாள்ல அதைப் படிச்சு, ஊர்க் கூட்டத்துல சொல்லி, கையெழுத்து வாங்கி அனுப்புறது நடக்கிற காரியமா? அதனால இப்பவே எழுதி வச்சுடணும்.

நாடாளுமன்றத்துல விண்வெளித் துறையோட மானியக் கோரிக்கையை (பட்ஜெட்ல அந்தத் துறை கேக்கிற பணத்தை) அலசுற நிலைக்குழு ஒண்ணு இருக்கு, அறிவியல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் எல்லாம் சேந்தது. அதுக்கும் மனு போடலாம். நம்ம கடலூர் எம்.பி., புதுச்சேரி எம்.பி. ரெண்டு பேருக்கும் நகல்.

#19 மேட்டுப்பாளையம் சிஎன்சி

எழுதறதுன்னா என்னையும் சேத்துக்கோங்க. என் பகுதி சின்னது. பெரிய கம்பெனிக்கு இன்-ஸ்பேஸ் அனுமதி குடுக்கும்போது, கீழ வேலை செய்ற சிறு பட்டறைக்கு 45 நாள்ல பணம் போச்சான்னு ஒரு வரி கணக்கு கேக்கணும். மானியம் வேணாம், கடன் வேணாம். செஞ்ச வேலைக்குக் காசு. அப்புறம் புதுச்சேரி அரசுக்குத் தனியா ஒரு மனு, "பக்கத்து வீட்டுல கொள்கை போட்டாச்சு, நீங்க எப்போ?"ன்னு. அதை நானே எழுதிக்கிறேன், அதுல கொஞ்சம் காரமா எழுதணும்.

#20 சில்வர்பீச்

காரம்னா நான் உதவிக்கு வர்றேன்.

#21 லாஸ்பேட்டை ஓய்வு

வரைவைத் தமிழில் நான் எழுதுகிறேன். கெடிலக்கரை சட்டப் பிரிவுகளைச் சரிபார்க்கட்டும், மாணவி ஆங்கிலமாக்கட்டும். தரமணித் தம்பி சொன்ன அட்டவணையை இணைப்பாக வைக்கலாம் என்று எண்ணுகிறேன்: வலை, படகு, இயந்திரம், கடலுக்குப் போகாத நாள் என்று நான்கு தலைப்புகள். வம்பா, தொகைகளை உங்கள் ஊரில் கேட்டுத் தர முடியுமா?

#22 வம்பா படகு

ஐயா, வலைன்னு ஒரே தலைப்பாப் போட்டுடாதீங்க. நூல் வலை தனி, மிதவை தனி, ஈயக்குண்டு தனி, கயிறு தனி, அதைக் கோத்துக் கட்டுற கூலி தனி. மொத்தமா வலைன்னு எழுதினா ஆபீஸர் கடையில நூல் வலை விலையை மட்டும் கேட்டுட்டு வந்து பாதி கூட போட மாட்டார். அதுவும் எந்த வலைன்னு பாக்கணும். செவுள் வலைக்கும் விசைப்படகு இழுவலைக்கும் விலையே வேற. தேவனாம்பட்டினம், தாழங்குடாவுல எனக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க, கடலூர் விலையையும் கேட்டுடறேன். ஞாயித்துக்கிழமை பஞ்சாயத்தார் எல்லாம் கோயில்ல கூடுவாங்க, அங்க வச்சே எழுதிக்கிட்டு வந்து போடறேன்.